ரபேலின் தலையாட்டல்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த அந்த சாப்ட்வேர் அலுவலகத்தில், புரோகிராமில் பிழை வந்தால் எல்லாரும் மூத்த பொறியாளர் ரபேலிடம்தான் ஓடினார்கள். திரும்பும்போது விடையோடு வந்தார்கள்.

அது எப்படி என்பதுதான் லோஜினியின் ஆராய்ச்சி. நாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியையே நிறுத்திவிடும்.

அவள் ரபேலின் மேசைக்கே போய் உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்க ரகசியம் புரியலை லா. பக் வந்தா உங்க டீம் காலேப் உங்ககிட்ட வரான். முதல் வரியிலேருந்து விளக்குறான்."

ரபேல் மெல்லத் தலையாட்டினார்.

"நீங்க ஒண்ணும் சொல்றதில்லை, சும்மா தலையாட்டுறீங்க. அவன் ஒவ்வொரு வரியா சொல்லிக்கிட்டே வரான். நடுவுல, 'ஐயோ, இங்கதான் தப்பு'ன்னு..."

லோஜினி நிறுத்தினாள்.

"அட, அவனேதான் கண்டுபிடிக்கிறான். படிக்கும்போது கண்ணு தாண்டிப் போறதை, வாயால சொல்லும்போது தாண்ட முடியாது. கேட்க ஒரு ஆள் இருந்தா போதும். கிடைச்சிருச்சு அங்கிள், ரொம்ப தேங்க்ஸ்."

அவள் எழுந்தபோது மேசையில் நிழல் விழுந்தது. ரபேல் நிமிர்ந்தார். தோள்வரை தொங்கிய முடியை ஒதுக்கி, இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றினார்.

"வாம்மா, எப்ப வந்தே? நல்ல பாட்டு, தலையை நிறுத்த முடியலை லா. என்ன விஷயம்?"