வலியில்லாத ஐந்து மாதம்

"இந்த உலகமே யாரோ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குத ஒரு கணக்கா இருந்தா, உள்ள இருக்குத நமக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டார், பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்த அணு விஞ்ஞானி ஜஸ்டஸ்.

கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய்க்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியும் பிரயோஜனப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சர்ச்சுக்குப் போய்வந்து, கறிச்சோறும் உள்ளே இறங்கிவிட்டால் படித்தவர்களுக்கு உலகம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். அமெரிக்காக்காரன் வானத்தில் விட்டிருந்த ஸ்கைலாப் விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதனால் அன்றைக்குப் பேச்சு வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது.

ஜஸ்டஸும் டாக்டர் சௌந்தரபாண்டியனும் பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்தே இப்படித்தான். கடவுள் உண்டா, காலத்துக்குத் தொடக்கம் உண்டா என்று ஆரம்பிப்பார்கள். ஒன்றையும் முடித்தது கிடையாது.

வள்ளித்தாயின் புருஷன் மருதப்பன் ஊசிக்காகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஸ்டூலில் காத்திருந்தார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வாரம் இரண்டு தரம் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி டாக்டரின் இந்த டிஸ்பென்சரிக்கு வருகிறார்கள்.

அந்த ஊசியை நினைத்தாலே வள்ளித்தாய்க்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அவருக்கு இடுப்பெலும்பில் கட்டி. மதுரையில் கைவிரித்துவிட்டார்கள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியும் கேட்கவில்லை. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்கே குடிபோனார்கள்.

மாசி மாதம் டாக்டர் முதல் ஊசி போட்டார். கூச்சல் நின்றது. இப்போது ஆடி பிறந்துவிட்டது. காசும் வாங்குவதில்லை. தர்மப் பிரபு என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

வலிதான் விட்டதே என்று புருஷனை மறுபடியும் ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினாள். நடை ஒரு பக்கம் சாய்ந்தபோது, படுத்துப் படுத்து உடம்பு சொகுசு கண்டுவிட்டது என்று ஏசினாள். போன வாரம்கூட விறகுக் கட்டைத் தூக்கி அவர் தலையில் வைத்தாள்.

"வலிச்சா அது நிஜம்லே. கணக்குக்கு வலிக்குமா?" என்றார் டாக்டர்.

"வலிக்கும்னு எழுதி வச்சா வலிக்கும்."

பம்பாயில் ஜஸ்டஸுக்கு ஒரு ஹால் நிறைய கம்ப்யூட்டர். துளை போட்ட அட்டைகளை அதற்குள் தள்ளினால் ஓர் அணு உலையே உள்ளே எரியும். அதில் ஓடுகிற துகள்களுக்குத் தாங்கள் வெறும் எண்கள் என்று தெரியாது. அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் மின்னியது.

டாக்டர் இங்கிலீஷுக்குத் தாவி, மருதப்பனைக் காட்டி என்னவோ சொன்னார். ஜஸ்டஸ் எழுந்து வந்து, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல ஸ்டூலை ஒரு சுற்றுச் சுற்றினார். தன் புருஷனைப் பார்க்க பம்பாயிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வள்ளித்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"பொய்யின்னு தெரியாத வரைக்கும்தான் பொய் வேலை செய்யும். இவருட்ட உள்ளதச் சொல்லிப் பாரு, வலி திரும்பி வந்துரும்," என்றார் ஜஸ்டஸ், அவரும் இங்கிலீஷிலேயே.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். இரக்கப்பட்டு அல்ல. வைத்தியப் பத்திரிகைக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் மருதப்பன் ஒன்பதாம் நம்பர். இதையும் சேர்த்தால் கட்டுரை இன்னும் எடுப்பாக இருக்குமே என்று யோசித்தார்.

"மருதப்பா, இம்புட்டு நாளும் நான் போட்டது மருந்து இல்ல, வெறுந் தண்ணி. இப்பச் சொல்லு, வலிக்குதா?"

இரண்டு பேரும் ஸ்டூலை நோக்கிக் குனிந்தார்கள். ஜஸ்டஸ் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டார்.

தண்ணீரோ மருந்தோ, வலி போனதே, அதைப் போட்டு உடைப்பானேன் என்று வள்ளித்தாய் பதறினாள். அந்தக் கூச்சல் திரும்பி வந்தால் இன்னொரு நாள் அவளால் தாங்க முடியாது. கோமதித் தாயே, வந்துவிடக் கூடாது என்று வேண்டினாள்.

மருதப்பன் சுருட்டிய சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

"அது என்னைக்குய்யா போச்சு, திரும்பி வாரதுக்கு?"

டாக்டர் புரியாமல் விழித்தார்.

"மொத ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போயும் வலி நிக்கலய்யா. நான் கண்ண மூடிக் கெடந்தேன். தூங்குதேன்னு நெனச்சு இவ அரளி வெதய எடுத்து அம்மியில வச்சு அரச்சா. பக்கத்துல ரெண்டு தம்ளர் இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான், வலி நின்னுட்டுன்னு சொன்னேன்."

வள்ளித்தாயால் தலை நிமிர முடியவில்லை. அந்த விழுதை அவள் அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்திருந்தாள். ஒருவருக்கும் தெரியாது என்று இருந்தாள். ஐந்து மாதமாகப் பக்கத்தில் ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். ஆட்டுக்குப் பின்னால் விரட்டியிருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

டாக்டர் நோட்டைத் திறந்து ஒன்பதாம் நம்பரின் மேல் கோடு போட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஐந்து மாத வேலை வீண்.

ஜஸ்டஸ் மட்டும் உற்சாகமாக இருந்தார். "உள்ள இருக்கவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்லா! இந்தம்மாவப் பாரு," என்றார்.

மருதப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெண்டாட்டியைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, இனிமே நான் கத்திக்கிடட்டுமா?"

அவள் சரி என்று தலையை அசைத்தாள்.

அவர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினார். மாசியிலிருந்து உள்ளே கிடந்தது முழுவதும் வெளியே வந்தது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் முகத்தைச் சுளித்து, கதவைச் சாத்தும்படி வள்ளித்தாய்க்குக் கை காட்டினார்.

அவள் எழுந்து போய்ச் சாத்தினாள்.