மாறப்போகும் சத்தம்

காசிமேட்டில் வெயில் சாய்கிறது. மரக்கட்டை வைத்து அடித்த அடியில், சிலிண்டருக்குள் இறுகிக் கிடந்த பிஸ்டன் நழுவி மெக்கானிக் சாலமனின் கைக்கு வருகிறது. கருகிய எண்ணெய் நாற்றம், பக்கமெல்லாம் கீறல். படகுக்காரர் அருள்நாதன் அதை வாங்கித் தடவிப் பார்க்கிறார். "இத்தையே சரி பண்ண முடியாதா?" "வேஸ்ட்டு மாமு. வேற இன்ஜினே ஏத்திடலாம். சத்தந்தான் மாறிப்பூடும். அப்பறம் சிலுவக்காவுக்கு நீ வர்றது தெரியாது, சோத்துக்கு உல வெக்காம..." சாலமன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். அருள்நாதனின் மனைவி சிலுவையம்மாளை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அருள்நாதன் பிஸ்டனைக் கீழே வைக்கிறார். "ஏத்துப்பா. எந்தச் சத்தமா இருந்தா இன்னா." துறைமுக வாயிலுக்கு அப்பால் ஒரு படகு தடதடக்கிறது. அது கண்ணில் படுவதற்கு முன்பே, வலைக் குவியலின் நிழலில் இருந்த ஒரு பெண், "எங்க வூட்டு போட்டு வருது" என்று கூடையோடு எழுகிறாள்.