ஏழாவது பார்வையாளர்

"இது ஆய்வு இல்ல. சுத்தக் கற்பனை!"

பேராசிரியர் ஜெயகிருஷ்ணன் ப்ரீதாவின் வரைபடத்தை மேசைமீது எறிந்தார்.

தில்லியிலுள்ள கட்டடக்கலைக் கல்லூரி ஒன்றின் நான்காம் ஆண்டு வகுப்பு அது. முந்தைய வாரம் மாணவர்களை அவர் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். ஒவ்வொருவரும் வாசலில் நின்று, தமக்குப் பின் நுழையும் ஏழாவது நபரைத் தொடர வேண்டும். அவர் எங்கே நின்றார், எதைப் பார்த்தார் என்பதைத் தளப்படத்தில் குறிக்க வேண்டும்.

"யாரா இருந்தாலும் ஆளை மாத்தக் கூடாது. பேர் எழுதக் கூடாது. நாம தொடர்றது அவங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியவே கூடாது" என்று விதி வகுத்தவர் அவரே.

இப்போது உரக்கப் படித்தார்.

"முதல் கூடம், செப்புத் திருமேனிகள். நிற்கவில்லை. இரண்டாம் கூடம், ப்ளக் பாயிண்ட் அருகே பெஞ்ச். நாற்பது நிமிடம் போன் பார்த்தார். கேன்டீன், இரண்டு சமோசா. திரும்பும்போது ஒரு சிலைமுன் நின்றார். ஷூ லேஸ் கட்டினார்."

வகுப்பு சிரித்தது.

"சமோசா நல்லா இருந்திருக்கும் சார்" என்றான் எபினேசர்.

"ரெண்டு மணி நேரம் நானும் உள்ளேதான் இருந்தேன். இப்படி ஒரு ஜடம் என் கண்ணுல படலையே! சரோஜினி நகர்ல துணி வாங்கப் போயிட்டு, வீட்ல உக்காந்து கோடு போட்டியா?"

"இல்ல சார். பார்த்ததைத்தான் போட்டேன்."

"அப்ப ஆள் எப்படி இருந்தார்னு சொல்லு, நம்பறேன். இல்லேன்னா பூஜ்யம். அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட உக்காந்து மறுபடி படி."

ப்ரீதா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்ல முடியாது சார்."

சிவப்பு மையில் பூஜ்யம் விழுந்தது.

வெளியே வந்ததும் வகுப்புத் தோழி ஹம்சா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாகல் ஆயிட்டியா, பைத்தியமா உனக்கு? ஒரு வருஷம்டீ! யாருன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

ப்ரீதா வரைபடத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினாள்.

"யாரைத் தொடர்றோமோ அவருக்கு அது தெரியக் கூடாதுன்னு விதி இருக்கே. அதனாலதான் சார்கிட்ட சொல்லல."