கதவுக்கு வெளியே டிரம்பெட்

தாமதமாக வந்ததால் அப்பாவை அரங்கத்துக்குள் விடவில்லை. பக்கவாட்டு வராந்தாவில் சுற்றி வருகிறவர், கறுப்புக் கோட்டும் டிரம்பெட்டுமாகத் தனியே நிற்கும் மகனைப் பார்த்துத் திகைக்கிறார். “உன்னையும் வெளிய நிறுத்திட்டாங்களாடா?” மகன் சிரிப்பை அடக்கிக்கொள்கிறான். “இல்லப்பா. தூரத்துலேருந்து கேக்கணும்னு இந்த இசையை அமைச்ச அமெரிக்காக்காரர் இப்படித்தான் எழுதி வச்சிருக்கார், போன நூற்றாண்டுலயே.” உள்ளே ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின்கள் மூச்சைப் பிடித்ததுபோல் தணிகின்றன. மகன் கதவைத் திறக்கிறான். ஸ்பிரிங் அதை மறுபடி இழுக்கிறது. அப்பா கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். வீட்டில் வருஷக்கணக்காக “கதவைச் சாத்திட்டு ஊதுடா” என்று சொன்னவர். மஞ்சள் வெளிச்சத்தின் ஒரு கீற்று அவர் செருப்பின்மேல் விழுகிறது. மகன் ஊதுகிறான். உள்ளே இருப்பவர்களுக்கு அது எங்கோ தொலைவில் கேட்கிறது, அப்பாவுக்குக் காதருகே. கடைசி சுரமும் ஓய்ந்து, மகன் டிரம்பெட்டைத் தாழ்த்திய பிறகும், அவர் கதவை விடுவதாக இல்லை.