டிவிடி இருந்த இடம்

ஒரு லேப்டாப்புக்குள்ளே ஹார்டு டிஸ்க்கும் டிவிடி டிரைவும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. ஹார்டு டிஸ்க்குக்கு ஓயாமல் சுற்றுகிற வேலை. டிவிடிக்கு ஒரு வேலையும் இல்லை.

"ஏம்ப்பா, நீ வாயைத் திறந்து எவ்வளவு காலமாச்சு? தண்டமா இடத்தை அடைச்சுக்கிட்டு!" என்றது ஹார்டு டிஸ்க்.

"கூப்பிட்டாத் திறப்பேண்ணே. யாரும் கூப்பிடலையே."

ஒருநாள் ரிப்பேர்க்காரர் வந்து டிவிடியை உருவி எடுத்தார்.

"போய்ட்டு வா ராசா. இனி இங்க நான்தான்" என்று ஹார்டு டிஸ்க் குதித்தது.

குதித்து முடிப்பதற்குள் அதையும் கழற்றி, ஒரு சட்டத்தில் பொருத்தி, டிவிடி இருந்த பொந்தில் செருகிவிட்டார். ஓட்டை தெரியக்கூடாதே என்று டிவிடியின் முகப்பைத் திறக்கிற பொத்தானோடு பெயர்த்து ஹார்டு டிஸ்க்கின் முன்னால் மாட்டினார். ஹார்டு டிஸ்க்கின் பழைய இடத்தில், சத்தமே போடாத புது டிஸ்க் ஒன்று வந்து உட்கார்ந்தது. வேலையெல்லாம் அதன் கைக்குப் போயிற்று. ஹார்டு டிஸ்க்கிடம் பழைய கல்யாணப் போட்டோக்கள்தான் மிச்சம்.

"என்ன பெரியவரே, சுத்தவே காணோம்?" என்றது புதுசு.

"கூப்பிடட்டும், பாரு."

ஒருநாள் வெளியே யாரோ அந்தப் பொத்தானை அமுக்கினார்கள்.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று ஹார்டு டிஸ்க் பதறி எழுந்தது.

"அட, இதுல இப்ப டிவிடி இல்லைல்ல" என்றது வெளியே ஒரு குரல். விரல் போய்விட்டது.