பாடும்மா!

"சனிக்கிழமை கச்சேரிக்குப் போறேன். அதுக்குள்ள இதைத் தைச்சுக் குடுத்துடு" என்று துணியை நீட்டினாள் அந்த அம்மாள்.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். "கச்சேரியா? ரேடியோவே போதும்னு சொல்வீங்களேக்கா!"

"அது போன மாசம் வரைக்கும். என் பையன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனான். எப்படா முடியும்னு முள்ளு மேல உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது பாட்டுல, பாடுற பொண்ணுக்குத் தொண்டை அடைச்சுப் பாட்டு பாதியில நின்னுபோச்சு. மொத்தக் கூட்டமும் அவளையே பார்க்குது. எனக்கு மனசு கேட்கலை. முதல் வரிசையிலேர்ந்து 'பாடும்மா'ன்னு சத்தமாவே சொல்லிட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"என்னைப் பார்த்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்ப எடுத்தா பாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு! நாம சொல்றது ரேடியோவுக்குக் கேட்குமா? அதுக்கப்புறம் அதுல மனசே ஒட்டலை."

தையல்காரிக்கு நம்பிக்கை வரவில்லை. "முன்னப்பின்ன தெரியாதவங்க ஒரு வார்த்தை சொன்னதுக்கா அந்தப் பொண்ணு கண்கலங்கிடுச்சு?"

அந்த அம்மாள் சற்றுத் தயங்கினாள்.

"தெரியாத பொண்ணு இல்லடி, என் மருமகதான். என் பேச்சை மீறிப் பையன் கட்டிக்கிட்டானேன்னு எனக்குக் கோபம். ரெண்டு வருஷமா ஒரே வீட்டுலதான் இருக்கோம். அவகிட்ட நான் பேசின முதல் வார்த்தையே அதுதான்."