நிஸ்தாரின் முதல் படம்

கொச்சங்காடி சாயாக்கடையில் முனீர் மேசையை ஓங்கித் தட்டினான்.

"யாரு சொன்னது படம் மொக்கைன்னு? நான் மூணு தடவை பாத்தாச்சு அண்ணாச்சி!"

"ஊரே சொல்லுது தம்பி" என்றார் கடைக்காரர் இசக்கிராஜா. "நிஸ்தார் கேரளாவே கொண்டாடுத கோல்கீப்பர்தான், ஒத்துக்கிடுதேன். அதுக்காக, பறந்து பறந்து நாப்பது பேரை அடிச்சா நம்ப முடியுமா? காமெடிக்கு ஒருத்தனும் சிரிக்கல. சண்டைக்குத்தான் சிரிச்சானுவ."

"ஒரு மனுசன் உயிரைக் கொடுத்து நடிச்சிருக்கான். எல்லாரும் சேர்ந்து அவன் பொழப்பைக் கெடுக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?"

"அவனுக்கு என்ன? பேசாம பழையபடி பந்து பிடிக்க வரட்டும்."

முனீரின் முகம் சுருங்கியது. அப்போது அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கிளப் மேனேஜரின் குரல் கேட்டது.

"மோனே முனீரே, சந்தோஷமான விஷயம்! படம் ஊத்திக்கிச்சுல்ல, நிஸ்தார் சினிமாவையே விட்டுட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அவன்தான் கீப்பர். நீ பழையபடி பெஞ்சில இருந்தாப் போதும்."

முனீர் போனை வைத்துவிட்டு இசக்கிராஜாவை முறைத்தான்.

"ஆறு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சவன், இந்த சீசன்லதான் கோல் போஸ்ட்ல நின்னேன். ஆளுக்கு ரெண்டு தடவை பாத்துத் தொலைச்சிருந்தா, அவன் அங்கேயே இருந்திருப்பான்ல அண்ணாச்சி!"